பழைய லேண்ட் ரோவரில் கண்ணாடிச் சட்டத்துக்கும் கூரைக்கும் நடுவே ஒழுகினால்

ஆடி, ஆவணியில் மட்டக்களப்பின் படுவான்கரைப் பக்கம் கச்சான் காற்று அடிக்கும் நாளொன்றில், பழைய லேண்ட் ரோவரின் முன் இருக்கையில் உட்கார்ந்து தலைக்கு மேலே டோர்ச் அடித்துப் பாருங்கள். முன் கண்ணாடிச் சட்டம் கூரையைச் சந்திக்கும் இடத்தில் கிறவல் வீதியின் செம்மண் தூசி கோடு கோடாகப் படிந்திருக்கும். ஓரிடத்தில் தடிப்பாக, ஓரிடத்தில் விசிறி விரித்த மாதிரி, சில இடங்களில் ஒன்றுமே இல்லாமல். துடைத்துவிடாதீர்கள். மார்கழியில் தண்ணீர் வரப்போகும் வழி அதுதான். காற்று எந்தச் சந்தால் தூசியைக் கொண்டு வந்ததோ, அதே சந்தால்தான் மழையையும் கொண்டு வரும். போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு கழுவுங்கள்.

வேலைக்கு ஏற்ற காலமும் இதையொட்டியே வருகிறது. சிறுபோக அறுவடை முடிந்து ஐப்பசி இடிமழை தொடங்கும் முன் கிடைக்கும் நாலைந்து கிழமையில் செய்துவிட வேண்டும். மாரி பிறந்த பிறகு தொடங்கினால் இரும்பும் காயாது, பெயின்டும் பிடிக்காது. அப்போது செய்வது ஒட்டுப்போடுவதுதான், திருத்துவது அல்ல.

இங்கே சொல்வது பெரும்பாலும் 1958இல் வந்த சீரிஸ் 2, 1961இன் 2ஏ, 1971 முதல் 1985 வரை வந்த சீரிஸ் 3 ஆகிய தகரக் கூரை வண்டிகளைப் பற்றியது. தகரம் என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, கூரை அலுமினியக் கலவை. கண்ணாடிச் சட்டமும், எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவில் நிற்கும் பல்க்ஹெட் சுவரும் இரும்பு. இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் நின்றால் அலுமினியம்தான் முதலில் தின்னப்படும். கல்லடி, காத்தான்குடி, கல்முனைக் கரையோரத்தில் நிற்கும் வண்டிகளின் கூரை முன்விளிம்பில் பெயின்ட் கொப்புளித்து, உடைத்தால் உள்ளே வெள்ளை மாவு கொட்டுவது அதனால்தான். ஆக, ஒழுக்கை நிறுத்துவது வேலையின் பாதி. இரண்டு உலோகத்தையும் ஒன்றையொன்று தொடாமல் பிரித்து வைப்பது மற்றப் பாதி.

எங்கே ஒழுகுகிறது என்று முதலில் தெரிய வேண்டும்

சாரதியின் முழங்காலில் சொட்டுகிறது என்பதால் மேலே உள்ள றப்பர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டக்கூடாது. தண்ணீர் ஓரிடத்தில் நுழைந்து, சட்டத்தின் உள்விளிம்பு வழியே இரண்டடி ஓடி, இன்னோரிடத்தில் சொட்டும். மேல் றப்பரை மாற்றியும் ஒழுக்கு நிற்கவில்லை என்று சொல்பவர்களின் வண்டிகளைப் பார்த்தால், குற்றம் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுக் கதவில் இருக்கும், இல்லையென்றால் வைப்பர் தண்டுத் துளையில், அதுவும் இல்லையென்றால் கூரையில் கரியர் பூட்டிய போல்டில்.

சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே டோர்ச்சோடு, ஒருவர் வெளியே ஹோஸ் குழாயோடு. குழாய் முனையில் எதையும் பூட்ட வேண்டாம். விரலால் அடைத்துப் பீய்ச்சவும் வேண்டாம். பீய்ச்சினால் நல்ல றப்பரும் ஒழுகும், எது எதுவென்று தெரியாது. உள்பக்க விளிம்பு முழுவதும் சோக்குத் தூளைத் தடவிவிடுங்கள். ஒரு துளி வந்தாலும் கோடு விழும். தண்ணீரைக் கீழிருந்து மேலாகக் கொண்டு போக வேண்டும். முதலில் காற்றுக் கதவுகள், பிறகு சட்டத்தின் கீழ் றப்பர், பிறகு கண்ணாடியைப் பிடித்திருக்கும் றப்பர், பிறகு இரு பக்க மூலை, கடைசியாகத்தான் கூரை விளிம்பு. ஒவ்வோரிடத்திலும் ஐந்து நிமிடம். மேலிருந்து தொடங்கினால் வழிந்தோடும் தண்ணீர் கீழே உள்ள எல்லா ஓட்டையையும் ஒரே நேரத்தில் காட்டும். பிறகு எதை நம்புவது? கீழே ஒழுகினால் அதை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட்டு மேலே போங்கள்.

கடற்கரைப் பக்கக் கிணறுகளில் தண்ணீர் உவராக இருக்கும். சோதனை முடிந்ததும் நல்ல தண்ணீரால் ஒருமுறை கழுவிவிடுங்கள். சந்துக்குள் உவர் தண்ணீரை நீங்களே ஊற்றிவிட்டுப் பிறகு கறளைக் குறை சொல்வதில் பயனில்லை.

இடைவெளி ஏன் வருகிறது

கூரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் அது றப்பர் தேய்ந்ததால் வந்ததல்ல. ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கிறது. கண்ணாடிச் சட்டம் கீழே இரு மூலையிலும் கீலில் நிற்கிறது; முன்னால் மடித்து பொனட் மேல் படுக்க வைக்கக்கூடிய அமைப்பு அது. கீழ் றப்பர் நசுங்கித் தட்டையானால் சட்டம் நிற்கும் கோணம் மாறும். மேலே உள்ள இடைவெளியும் மாறும். பல்க்ஹெட்டின் மேல் மூலைகள் கறள் தின்று இளகியிருந்தால் கீலே ஆடும். உள்ளிருந்து சட்டத்தின் நடுவில் கையை வைத்துத் தள்ளிப் பாருங்கள். சட்டம் பல்க்ஹெட்டை விட்டு அசைந்தால் றப்பர் வாங்கக் கடைக்குப் போக வேண்டாம், வெல்டிங் பாஸிடம் போங்கள். ஆடுகிற சட்டத்துக்கு எந்த றப்பரும் தாங்காது.

இன்னொரு காரணம், கூரையை யாரோ ஒருமுறை கழற்றிவிட்டுப் பின்பக்கத்திலிருந்து முடுக்கிக்கொண்டு வந்திருப்பார்கள். பின்னால் நாலு மில்லிமீட்டர் தள்ளி உட்கார்ந்தது முன்னால் ஆப்பு வடிவ இடைவெளியாக வந்து நிற்கும். பக்கப் பலகைகளின் போல்டுகளை இளக்கி, கூரையைக் கையால் தட்டி முன்னே நகர்த்தினாலே பாதி இடைவெளி மறைந்துவிடும் வண்டிகள் உண்டு. காசு செலவில்லாத வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை.

கீழ் றப்பரை மாற்ற வேண்டுமென்றால் முதலில் அதை மாற்றுங்கள். கீல் போல்டுகள் பல வருடம் அசையாமல் இறுகிப் போயிருக்கும். ஸ்பானரைப் போட்டு உதைத்தால் தலை முறியும். ஓட்டோமெட்டிக் கியர் பெட்டிக்கு விடும் ஒயிலும் அசிட்டோனும் சம அளவு கலந்து, மூன்று நாள், காலையும் மாலையும் சில துளி விடுங்கள். பிறகு இறுக்கும் பக்கம் சற்று, இளக்கும் பக்கம் சற்று என்று மாறி மாறி அசைத்து எடுக்க வேண்டும். அசிட்டோன் பெயின்டைக் கரைக்கும், தீயும் பிடிக்கும், ஆகையால் சுற்றியுள்ள இடத்தை மூடிக்கொள்ளுங்கள். கண்ணாடிக்குப் பக்கத்தில் காஸ் விளக்கைக் கொண்டு போகவே வேண்டாம்.

அளவெடுப்பது

கீழ்ப்பக்கமெல்லாம் சரியான பிறகே மேலே அளக்க வேண்டும். பழைய றப்பரை முழுதாக எடுத்துவிட்டு, சிறுபிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசினில் போளை அளவு உருண்டை ஏழு உருட்டுங்கள். சொப்பிங் பேக்கில் வெட்டிய துண்டுகளில் ஒவ்வொன்றையும் சுற்றினால் உலோகத்தில் ஒட்டாது. சட்டத்தின் மேல், இரு மூலையில் ஒவ்வொன்று, மற்ற ஐந்தையும் சம தூரத்தில் வைத்து, கூரையை இறக்கிப் போல்டுகளைக் கையால் மட்டும் முடுக்குங்கள். கூரை தன் பாட்டில் உட்காரும் நிலை வேண்டும். ஸ்பானர் போட்டால் விளிம்பு வளைந்து பொய்யளவு காட்டும். பத்து நிமிடம் கழித்துத் தூக்கி, நசுங்கிய உருண்டைகளின் தடிப்பை வேர்னியரால் அளந்து, இடப்பக்கத்திலிருந்து ஒன்று முதல் ஏழு வரை எழுதிக்கொள்ளுங்கள்.

இந்த ஏழு எண்ணும்தான் எந்த றப்பர் என்று தீர்மானிக்கும். நுரை றப்பர் ஒன்று தண்ணீரைத் தடுக்க வேண்டுமென்றால் அது தன் தடிப்பில் கால்வாசியாவது அமுங்க வேண்டும். பாதிக்கு மேல் அமுங்கினால் சில மாதத்தில் எழும்பும் சக்தியை இழந்துவிடும். ஆக 12 மில்லிமீட்டர் றப்பர், 6 முதல் 9 வரையான இடைவெளிக்கு. 10 மில்லிமீட்டர், 5 முதல் ஏழரை வரை. 16 மில்லிமீட்டர், 8 முதல் 12 வரை. இதிலிருந்து ஒரு எளிய கணக்கும் வருகிறது: உங்கள் ஏழு அளவில் பெரியது, சிறியதின் ஒன்றரை மடங்கைத் தாண்டக்கூடாது. ஒரு மூலையில் 4, மறு மூலையில் 11 என்று வந்தால் அதற்கு எந்தக் கடையிலும் றப்பர் இல்லை. திரும்பவும் கூரையை நகர்த்தும் வேலைக்குப் போக வேண்டியதுதான். நகர்த்தியும் சரிவராத இடத்தில் சட்டத்தின் மேல் 2 அல்லது 3 மில்லிமீட்டர் அலுமினியப் பட்டை ஒன்றை, அடியில் பெயின்டும் சீலன்டும் பூசி, ஒட்டி உயர்த்திக்கொள்ளலாம்.

எந்த றப்பர், எது வேண்டாம்

வேண்டியது மூடிய கண்ணறை (தண்ணீர் புகாத நுண்குமிழிகள்) கொண்ட, ஈபிடிஎம் என்னும் செயற்கை நுரை றப்பர், சதுர வெட்டு, பட்டையாக. இரண்டு மீட்டர் வாங்கினால் ஒரு வண்டிக்குப் போதும், மூலைத் துண்டுக்கும் மிச்சம் வரும். குஷன் கடைகளிலும் கண்ணாடி பூட்டும் இடங்களிலும் கேட்டுப் பார்க்கலாம். கடைக்காரர் பெயர் தெரியாமல் வெறும் "ஸ்பொஞ்ச் றப்பர்" என்று நீட்டினால், ஒரு விரல் நீளத் துண்டை வாங்கி, வாளித் தண்ணீருக்குள் அமுக்கி விட்டு, ஒரு நிமிடம் கழித்து எடுத்துப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் திறந்த கண்ணறை, தலையணைக்குத்தான் ஆகும். சொட்டாவிட்டால், கட்டைவிரலால் பாதிக்கு அமுக்கி விட்டுப் பாருங்கள், ஒரு மூச்சு விடும் நேரத்தில் எழும்ப வேண்டும். நகத் தழும்பு அப்படியே நின்றால் பழைய சரக்கு.

திறந்த கண்ணறை நுரை ஏன் இவ்வளவு கெடுதல் என்றால், அது ஒழுகுவதோடு நிற்பதில்லை. மழைத் தண்ணீரைக் குடித்து, வெயில் வந்த பிறகும் நாலு நாள் ஈரத்தை இரும்பின் மேல் பிடித்து வைத்திருக்கும். றப்பரே இல்லாத வண்டியை விட அந்த வண்டியின் சட்டம் வேகமாகக் கறள் பிடிக்கும்.

ரயர் ரியூப்பை வெட்டி மடித்து வைப்பது இங்கே நெடுநாள் வழக்கம். ரியூப் றப்பர் தண்ணீரை விடாது என்பது உண்மை. ஆனால் அது நுரையல்ல, திண்ம றப்பர். அமுக்கினால் சுருங்காது, பக்கவாட்டில்தான் பிதுங்கும். போல்ட் உள்ள இடத்தில் இறுகும், இரண்டு போல்டுக்கு நடுவில் கூரை விளிம்பு வில் மாதிரி மேலே வளைந்து வாய் திறக்கும். தார், தார் பூசிய பட்டை இரண்டும் நமது வெயிலில் இளகிக் கண்ணாடியில் வழியும். பங்குனி, சித்திரையில் நின்ற வண்டியின் கூரையில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. டிங்கர் வேலைக்குப் பூசும் பட்டியை இந்தச் சந்தில் அடைக்கவே கூடாது. வயல் வரம்பு, குளக்கட்டு என்று ஏறி இறங்கும்போது சேஸி முறுகும், கூரையும் சட்டமும் ஒன்றுக்கொன்று அசையும். இறுகிக் காயும் எதுவும் முதல் நாளே வெடிக்கும்.

புளிக்காடி மணம் வீசும் சிலிக்கன் தனிக்கதை. காயும்போது அது அசற்றிக் அமிலத்தை வெளிவிடுகிறது; அமிலம் இரும்பையும் நாகப்பூச்சையும் அரிக்கும். அதை விடப் பெரிய தொல்லை பின்னால் வரும்: சிலிக்கன் பட்ட இடத்தில் பெயின்டும் பிடிக்காது, வேறு சீலன்டும் பிடிக்காது, புதுச் சிலிக்கனும் பிடிக்காது. குளியலறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு பொலியூரித்தேன் சீலன்ட், 300 மில்லிலீற்றர் குழாய் ஒன்று, அதுவும் மூலைக்கு மட்டும். முழு விளிம்பையும் அதால் ஒட்டிவிட்டால் அடுத்த முறை கூரையைக் கழற்ற வாள்தான் வேண்டும்.

இவை தவிர, பியூட்டைல் நாடா (களிமண் மாதிரி மெத்தென்று ஒட்டும் பட்டை) ஒரு சுருள், நைலோன் வாஷர்கள், 20 மில்லிமீட்டர் அகலம் 3 மில்லிமீட்டர் தடிப்பில் அலுமினியப் பட்டை, சிலிக்கன் கிறீஸ் ஒரு சிறு டப்பா, குஷன் கடைக்காரர் பூசும் மஞ்சள் கம். கிறீஸில் கவனம். சில்லுக்குப் போடும் சாதாரண கிறீஸ், எஞ்சின் ஒயில், டீசல் எதுவும் ஈபிடிஎம்மில் படக்கூடாது. ஊதிப் பெருத்து இளகிவிடும். சிலிக்கன் கிறீஸ் ஒன்றும் செய்யாது.

உலோகத்தைத் தயார் செய்தல்

கூரையை முழுதாக இறக்கத் தேவையில்லை. முன் போல்டுகளை எடுத்து, பக்கப் போல்டுகளில் முன் பாதியை இளக்கினால், முன்விளிம்பை இரண்டு அங்குலம் தூக்கி மரக்கட்டை வைக்கலாம். நடுவில் ஒரே கட்டையை வைத்து நெம்பினால் அலுமினியம் மடிந்து தழும்பு விழும், பிறகு எடுபடாது. இரு ஓரத்திலும் ஒரே நேரத்தில் இருவர் தூக்க, போல்ட் துளைகளுக்கு நேரே மூன்று கட்டை வையுங்கள்.

இரும்புச் சட்டத்தைக் கம்பிப் புருசால் வெள்ளையாகும்வரை தேய்க்கலாம். அதே புருசைக் கூரையில் வைக்காதீர்கள். இரும்புத் துகள் அலுமினியத்தில் பதிந்து, ஒவ்வொரு துகளும் ஒரு புள்ளி அரிப்பாகும். கூரை விளிம்புக்கு நைலோன் தேய்ப்பானும் சாண்ட் பேப்பரும்தான். பழைய சிலிக்கன் இருந்தால் தின்னர் ஊற்றிப் பயனில்லை, கரையாது. பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, 120 சாண்ட் பேப்பரால் தேய்த்து, வெள்ளைத் துணியில் அல்ககோல் நனைத்துத் துடைக்க வேண்டும். ஒரே துணியால் திரும்பத் திரும்பத் துடைத்தால் சிலிக்கனைப் பரப்புகிறீர்கள் என்று அர்த்தம். தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: மெல்லிய படலமாகப் பரவினால் சுத்தம், முத்து முத்தாக உருண்டால் இன்னும் சிலிக்கன் இருக்கிறது.

கறள் குழி விழுந்த இடத்தில் பொஸ்போரிக் அமிலக் கறள் மாற்றி, கழுவி, காயவிட்டு, எபொக்சி பிறைமர் இரண்டு பூச்சு. அலுமினியத்துக்கு, மேற்பரப்பைச் சற்று அரித்துப் பிடிக்கும் எச் (etch) பிறைமர். பிறகு வண்டியின் நிறத்தில் பெயின்ட். போல்ட் துளைகளின் உள்சுவரிலும் சின்னப் பிறஸால் பெயின்ட் போக வேண்டும். கறள் தொடங்குவதே அங்கேதான். பெயின்ட் மேலே காய்ந்தாலும் உள்ளே இளகியிருக்கும். மூன்று நாள் விட்டுத்தான் றப்பர் ஒட்ட வேண்டும், அவசரப்பட்டால் றப்பரோடு பெயின்டும் உரிந்து வரும்.

றப்பரை வைத்தல்

சட்டத்தின் பக்கம் மட்டும் கம் பூசுங்கள். கூரைப் பக்கம் சிலிக்கன் கிறீஸ் மெல்லிதாக. இரண்டு பக்கமும் ஒட்டினால் சேஸி முறுகும்போது றப்பர் நடுவில் கிழியும்.

றப்பரை எந்தக் காரணம் கொண்டும் இழுத்து ஒட்டக்கூடாது. இழுத்த றப்பர் சில கிழமையில் தன் நீளத்துக்குத் திரும்பும், மூலையில் ஒரு சென்ரிமீட்டர் வாய் திறக்கும். நூறு பங்குக்கு ஒரு பங்கு கூடுதலாக வெட்டுங்கள், அதாவது ஒன்றரை மீட்டருக்கு 15 மில்லிமீட்டர்; முனைகளில் நீட்டிவிடும் நீளம் இதற்கு மேல். நடுவில் தொடங்கி, இரு பக்கமும் நெருக்கி நெருக்கித் தள்ளிக்கொண்டு போய், இரு முனையும் சட்டத்தைத் தாண்டி 15 மில்லிமீட்டர் நீட்டி நிற்கும்படி விடுங்கள். ஒரே துண்டாக இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு துண்டை நடுவில் பொருத்தினால், அந்தப் பொருத்து வைப்பர் தூக்கி வீசும் தண்ணீரையும் எதிர்க்காற்றையும் நேராக வாங்கும்.

றப்பர், போல்ட் வரிசைக்கு வெளிப்பக்கம் ஓடினால் நல்லது. தண்ணீர் துளைக்கு வரும் முன்பே தடுக்கப்படும். அகலம் காணாமல் போல்ட் றப்பருக்குள்ளேயே போக வேண்டியிருந்தால், விளிம்பு கூராக்கிய குழாயால் போல்டை விட 1 மில்லிமீட்டர் சிறிய துளை வெட்டுங்கள், றப்பர் போல்டைக் கவ்விப் பிடிக்கும். ஆணியால் குத்திய துளை நட்சத்திரமாகக் கிழியும். எப்படியானாலும் ஒவ்வொரு போல்டையும் சுற்றி பியூட்டைல் நாடாவில் மோதிரம் மாதிரி ஒரு சுற்று.

அடுத்ததுதான் பெரும்பாலானவர்கள் கெடுக்கும் இடம். போல்டை முடுக்கும்போது எங்கே நிறுத்துவது? நிறுத்துவதற்கு ஏதும் இல்லாததால் ஸ்பானர் போகும்வரை முடுக்கி, கூரை விளிம்பைப் பல் வரிசை மாதிரி அலையலையாக்கிவிடுகிறார்கள். அந்த அலை ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒழுக்கு. இதற்கு, ஒவ்வொரு போல்டிலும் அந்த இடத்தின் அளவுக்கு நைலோன் வாஷர்களை அடுக்கி, தடுப்பாக வையுங்கள். பிளாஸ்டிசின் அந்த இடத்தில் 7 காட்டியிருந்தால் 7 மில்லிமீட்டர் அடுக்கு. கூரை வாஷரில் முட்டியதும் போல்ட் தானாக இறுகும், றப்பர் வேண்டிய அளவு மட்டும் அமுங்கியிருக்கும். போல்ட் தலைக்கு அடியில் 3 மில்லிமீட்டர் அலுமினியப் பட்டையை விளிம்பின் முழு நீளத்துக்கும் ஓடவிட்டால் அழுத்தம் இரண்டு போல்டுக்கு நடுவிலும் சமமாகப் பரவும். பட்டை வெளியே தெரிந்தால் அழகில்லை என்பார்கள்; நனையாத முழங்காலுக்கு அது அழகுதான்.

துருப்பிடிக்காத எஃகு போல்ட் போடுவதானால் அதன் தலைக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் நைலோன் வாஷர் கட்டாயம். இல்லாவிட்டால் எஃகு அப்படியே இருக்கும், அதைச் சுற்றியுள்ள அலுமினியம்தான் மாவாகும். புரியை மாற்றி மெட்ரிக் போல்டைத் திணிக்க வேண்டாம். பழைய போல்ட் ஒன்றைக் கையில் கொண்டுபோய் நட்டைப் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

முடுக்குவது நடுவிலிருந்து வெளியே, இடம் வலம் மாறி மாறி, மூன்று சுற்று. முதல் சுற்று கையால், இரண்டாவது சுற்றில் பாதி, மூன்றாவதில் வாஷரில் முட்டும்வரை.

மூலை

நேர் விளிம்பில் ஒழுகும் வண்டிகளை விட மூலையில் ஒழுகும் வண்டிகளே அதிகம். கண்ணாடிச் சட்டத்தின் பக்கம், கதவின் மேல் பாதி, கூரை மூன்றும் சந்திக்கும் முக்கோணம் அது. மூன்றும் தனித்தனியாக அசையும். கூரைப் பீலியில் ஓடிவரும் தண்ணீர், பிறேக் பிடிக்கும்போது முன்னால் பாய்ந்து அங்கேதான் விழும்.

நீட்டிவிட்ட றப்பர் முனையை உடனே வெட்டாதீர்கள். ஒரு கிழமை வெயிலில் நிற்கவிட்டு, றப்பர் அடங்கிய பிறகு கூரான பிளேடை சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து, கீழ்நோக்கிச் சரிவாக வெட்டுங்கள். சரிவு வெளியே பார்க்க வேண்டும். மிச்ச றப்பரில் 40 மில்லிமீட்டர் துண்டு ஒன்றை ஆப்பு வடிவில் சீவி, முக்கோணத்துக்குள் அளவு பார்த்து, அடியிலும் பின்பக்கமும் பொலியூரித்தேன் பூசி அமர்த்துங்கள். சீலன்ட் பட்டாணிக் கடலை தடிப்புக்கு மேல் வேண்டாம். அது காற்றின் ஈரத்தால் காய்வது, நாளுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் உள்ளே இறங்கும். கட்டியாக அப்பினால் மேலே தோல் கட்டி உள்ளே பசையாகவே கிடக்கும். காய்ந்ததும் மேலே பெயின்ட் ஒரு பூச்சு, இல்லாவிட்டால் வெயில் சீலன்டை வெடிக்கவைக்கும்.

பீலியின் முனையை மட்டும் அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் தண்ணீருக்குப் போக்கில்லை, நிரம்பி உள்ளே திரும்பும். அதேபோல் விளிம்பின் வெளிப்பக்கத்தையும் உள்பக்கத்தையும் இரண்டையும் சீலன்டால் மூடுபவர்கள் உண்டு. எப்படியும் ஒரு துளி உள்ளே போகும். போனது வெளியே வர வழியில்லாமல் இரண்டு வருடம் நடுவில் கிடந்து, பெயின்ட் கொப்புளிக்கும்போதுதான் தெரியவரும்.

நின்ற வண்டி ஒழுகாது, ஓடும் வண்டி ஒழுகும்

ஹோஸ் குழாய்ச் சோதனையில் தேறிய வண்டி மழையில் ஓடும்போது ஒழுகினால் அதிர்ச்சியடைய வேண்டாம். பின் கண்ணாடி திறந்திருந்தால் ஓடும்போது வண்டிக்குள் காற்றழுத்தம் குறையும், வெளியே உள்ள தண்ணீரைச் சந்து வழியே உள்ளே இழுக்கும். காய்ந்த நாளொன்றில் உள்பக்க விளிம்பு முழுதும் ஒரு சாண் இடைவெளியில் மெல்லிய ரிஷ்யூ நாடாக்களைத் தொங்க ஒட்டி, செங்கலடியிலிருந்து மகாஓயாப் பக்கம் போகும் வீதி போல வெட்டவெளியான இடத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுங்கள். எந்த நாடா துடிக்கிறதோ அங்கே வழி இருக்கிறது. பார்ப்பது சாரதியின் வேலையல்ல, பக்கத்தில் இருப்பவரின் வேலை. ஓட முடியாவிட்டால் வெளியே மேசை மின்விசிறியை விளிம்புக்கு நேரே வைத்து, உள்ளே ஊதுபத்திப் புகையைப் பிடித்துப் பார்க்கலாம். புகை எங்கே உள்ளே தள்ளப்படுகிறது என்று பார்த்தால் போதும். பெற்றோல் மணம் வீசும் வண்டியில் அதைச் செய்யாதீர்கள்.

கன்வஸ் கூரை வண்டிக்கும், மிட்சுபிஷி ஜீப்புக்கும் அளவெடுக்கும் முறையும் உலோகத்தைத் தயார் செய்வதும் இதேதான், அமுக்கிப் பிடிக்கும் அமைப்பு மட்டும் வேறு. பருத்திக் கன்வஸில் தையல் துளை வழியே வரும் ஒழுக்கு முதல் இரண்டு மழையில் நூல் ஊதித் தானாகவே குறையும். மெழுகு தேய்த்தால் இன்னும் குறையும். நைலோன் துணியில் அப்படி நடக்காது, தையலுக்கு உள்பக்கம் நாடா ஒட்டத்தான் வேண்டும்.

வேலை முடிந்து இரண்டு கிழமையில் போல்டுகளை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். இளகியிருந்தால் வாஷரில் முட்டும்வரை மட்டும் முடுக்குங்கள். வருடா வருடம் மாரிக்கு முன் சவர்க்காரத் தண்ணீரால் றப்பரைத் துடைத்து சிலிக்கன் கிறீஸ் தடவினால் போதும். அந்த ஏழு அளவையும், எந்தப் போல்டுக்கு எத்தனை வாஷர் என்பதையும் ஒரு கடதாசியில் எழுதி, மிஞ்சிய றப்பர்த் துண்டோடு சேர்த்து, இருக்கைக்கு அடியில் உள்ள சாமான் பெட்டியில் போட்டு வையுங்கள். அடுத்த முறை கூரையைத் தூக்கும் பாஸ் அதைத்தான் முதலில் தேடுவார்.